தெரிந்து தெளிதல்: அர்பத்நாட் பாங்கின் வீழ்ச்சி தரும் படிப்பினை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசுவதே வழக்கம். இசையும் கூத்தும் காண ஆவலோடு அமர்ந்திருக்கும் இவ்வவையில், முறிந்துபோன ஒரு பாங்கின் கதையைச் சொல்ல நாம் முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். நல்ல நாளும் அதுவுமாக மஞ்சள் கடுதாசியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று தாய்மார்கள் எண்ணினாலும் அது தவறாகாது. ஆயினும் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு.

சொந்த ஊரில் வேரூன்றி வாழ்பவனுக்கு நிலம் உண்டு, வீடு உண்டு, ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கப் பங்காளியும் தாயாதியும் உண்டு. குடிபெயர்ந்து வந்தவனுக்கோ அவன் சேர்த்து வைத்த பொருளே ஊன்றுகோல். இத்திருவனந்தபுரத்தில் கரமனையிலும் வலியசாலையிலும் குடியேறி வாழ்ந்த நம் முன்னோரும், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய வணிகரும், அலுவலகங்களில் எழுத்தராக அமர்ந்து ஓய்வு பெற்றவரும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டே பெண்ணுக்கு மணம் முடித்தனர். பிள்ளையைப் படிக்க வைத்தனர். அப்பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது அவர்களுக்கு வாழ்வா தாழ்வா என்ற கேள்வியாக இருந்தது. இன்றும் நமக்கு அது அவ்வாறே இருக்கிறது. ஆதலின் இன்றைய பேச்சை அக்கேள்வியின்மேல் நிறுத்துகிறோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டினத்தில் மூன்று வெள்ளையர் வணிக நிறுவனங்கள் முன்வரிசையில் நின்றன. பாரி கம்பெனி, பின்னி கம்பெனி, அர்பத்நாட் கம்பெனி என்பன அவை. இவற்றுள் அர்பத்நாட் கம்பெனி 1810-ஆம் ஆண்டளவில் தோன்றி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் புகழோடு விளங்கியது. ஏற்றுமதி இறக்குமதி வணிகத்தோடு, மக்களிடம் வைப்புப் பணம் பெற்று வட்டி கொடுக்கும் பாங்குத் தொழிலையும் அது நடத்திவந்தது. அதன் தலைவராக இருந்தவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். ‘சர்’ பட்டம் பெற்றவர். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். சென்னையின் வெள்ளையர் வணிக உலகில் பெரிய மனிதர். அவருடைய நிறுவனத்தில் பணம் போடுவது, அரசாங்கப் பொக்கிஷத்திலேயே பணம் வைப்பதற்கு ஒப்பானது என்று மக்கள் எண்ணினர். ஜமீன்தார்களும், உத்தியோகஸ்தர்களும், ஓய்வூதியம் பெற்றவர்களும், கைம்பெண்களும் தம் சேமிப்பை அங்கே கொண்டு சேர்த்தனர். வெள்ளைக்காரன் கடையில் போட்ட பணம் கல்லில் செதுக்கிய எழுத்து என்பது அக்கால நம்பிக்கை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று அந்நிறுவனம் முறிந்தது. இனிப் பணம் கொடுக்க இயலாது என்ற செய்தி பட்டினமெங்கும் பரவியது. ஒரு நூற்றாண்டுப் பெயர் ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று.

நடந்தது என்ன? இந்நிறுவனத்திற்கு இலண்டன் மாநகரில் ஒரு துணை நிறுவனம் இருந்தது. அதனை நடத்திவந்தவர் பாட்ரிக் மக்ஃபாடியன் என்ற கூட்டாளி. சென்னையில் திரண்ட பணத்தில் பெரும் பகுதி இலண்டன் வழியாகத் துணிகரமான முதலீடுகளுக்குச் சென்றது. அவற்றில் இழப்பு நேர்ந்தது. இழப்பை ஈடுசெய்ய மேலும் பணம் இறைக்கப்பட்டது. இழப்பும் அதற்கேற்பப் பெருகியது. நிறுவனம் வீழ்ந்த அந்நாட்களிலேயே மக்ஃபாடியன் இலண்டனில் இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது மோசடிக்காக வழக்குத் தொடரப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ‘சர்’ பட்டம் பெற்ற ஒரு வெள்ளையரை வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றமே சிறைக்கு அனுப்பியது கண்டு அக்காலத்தவர் திகைத்தனர். ஆனால் அத்தண்டனையால் கைம்பெண்ணின் பணம் திரும்பி வந்துவிடவில்லை.

அன்பர்களே! திருட்டு இருவகைப்படும். வெளியிலிருந்து வரும் கள்வன் பூட்டை உடைக்கிறான்; சுவரைத் துளைக்கிறான்; மறுநாளே ஊர் விழித்துக்கொள்கிறது. உள்ளே இருப்பவனுக்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. சாவி அவனிடமே இருக்கிறது. கணக்குப் புத்தகமும் அவனிடமே இருக்கிறது. பெட்டியில் பணம் குறைவதை ஏட்டில் குறையாமல் எழுதிவிட்டால் போதும். பழையவர்களுக்குக் கொடுக்க வேண்டிய வட்டியைப் புதியவர்கள் போடும் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். வட்டி தவறாமல் வருகிற வரையில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. ஆதலால் இவ்வகைத் திருட்டு பல்லாண்டுகள் வெளிச்சத்திற்கு வராமலே நடைபெறக்கூடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. உள்ளிருந்து செய்யும் மோசடி பெரும்பாலும் திருட வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்குவதில்லை. ஒரு முதலீட்டில் இழப்பு வருகிறது. ‘அடுத்த ஆண்டு ஈடுகட்டிவிடலாம், அதுவரை இதனை வெளியிட வேண்டாம்’ என்று ஒருவர் நினைக்கிறார். அந்த முதல் மறைப்பைக் காக்க இரண்டாவது மறைப்பு தேவைப்படுகிறது. நிறுவனம் நொடித்துவிட்டதை அறிந்துகொண்டே, வாசலில் வந்து நிற்கும் முதியவரிடம் புன்னகையோடு பணம் வாங்கிக்கொள்ளும் நிலை இறுதியில் வந்துசேர்கிறது. இழப்பு நேர்வது வணிகத்தில் இயல்பு. இழப்பை மறைத்து மேலும் பணம் வாங்குவதே குற்றம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது. அதனைத் தாண்டுகிறவனுக்கே தான் தாண்டியது தெரிவதில்லை.

அர்பத்நாட் நிறுவனத்தில் இம்மறைப்பு எவ்வாறு இயன்றது? அது பங்குதாரர்கள் கூடிக் கேள்வி கேட்கும் பொதுக் கம்பெனி அன்று; ஒருசில கூட்டாளிகளின் தனி நிறுவனம். ஆண்டுதோறும் ஐந்தொகைக் கணக்கை அச்சிட்டு ஊரறிய வைக்கும் கட்டாயம் அதற்கு இல்லை. பாங்குகளைக் கண்காணிக்கும் ரிசர்வ் பாங்கு தோன்றியது 1935-ஆம் ஆண்டில்தான். மக்கள் பார்த்ததெல்லாம் கட்டடத்தின் உயரத்தையும், தலைவரின் பட்டத்தையும், நிறுவனத்தின் வயதையுமே. இம்மூன்றும் கணக்கு ஆகமாட்டா.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அரசன் தனக்கு வேண்டிய துணைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை உரைப்பது அது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிந்த கருத்து. அரசனுக்குச் சொன்ன இவ்வறிவுரை, பாங்கில் பணம் போடும் எளிய குடும்பத்தவனுக்கும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. அர்பத்நாட் வீழ்ச்சி முதல் குற்றத்திற்குச் சான்று. இரண்டாவது குற்றத்திற்கான சான்றைத் தேடி நாம் சென்னை வரை செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் இந்நாட்டிலேயே அது உண்டு. அதற்கு முன், அர்பத்நாட்டில் பணம் இழந்தவர்கள் என்ன செய்தனர் என்பதைப் பார்த்துவிடுவோம்.

கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களுள் முதன்மையானவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். நாடறிந்த சட்ட நிபுணர். பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்டு உருகி, அரசியலில் அவரோடு மாறுபட்டவராக இருந்தும், 1907-இல் அவற்றுட் சிலவற்றை அச்சிட்டு மக்களிடையே பரப்பிய பெருமகனார் இவரே. வழக்கு நடத்தியதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. ‘பிறர் பாங்கில் பணம் போட்டு ஏமாந்தோம் என்று அழுதுகொண்டிருப்பதைவிட, நமக்கென்று ஒரு பாங்கு காண்போம்’ என்ற எண்ணத்தை அவரும் அவருடைய நண்பர்களும் நாட்டில் விதைத்தனர். அது சுதேசி உணர்ச்சி பொங்கி எழுந்த காலம். நகரத்தார் குலத்துப் பெருவணிகர்கள் துணை நின்றனர். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் இந்தியன் பாங்கு பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அதன் கதவுகள் திறந்தன. சரியாக நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே நாளில் நாடு விடுதலை பெற்றது எண்ணி மகிழத்தக்க ஓர் ஒற்றுமை.

அர்பத்நாட் வீழ்ந்து பத்துத் திங்களுக்குள் இது நடந்தது என்பதை மறவாதீர்கள். பணத்தை இழந்த சமுதாயம், ‘இனி எவரையும் நம்பமாட்டோம்’ என்று கூறிப் பொன்னை மண்ணில் புதைத்துவிட்டு அமர்ந்திருக்கலாம். அவ்வாறு அது செய்யவில்லை. பங்குதாரர் உள்ள, கணக்கை வெளியிடும் பொதுக் கம்பெனியாகத் தன் பாங்கை அமைத்தது. 1932-இல் அப்பாங்கு கொழும்பில் கிளை திறந்தது. கடல் கடந்து வாழ்ந்த தமிழர்க்கும் அது துணையாயிற்று. 1969-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டு இன்றளவும் பணியாற்றி வருகிறது.

இனி நம் திருவிதாங்கூர்க் கதைக்கு வருவோம். 1937-இல் திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும் குயிலான் பாங்கும் ஒன்றாக இணைந்தன. தென்னிந்தியாவின் பெரிய பாங்குகளுள் ஒன்றாக விளங்கிய அந்நிறுவனம், மறு ஆண்டே, 1938 ஜூன் 21-ஆம் நாள், பணம் கொடுப்பதை நிறுத்தியது. போட்டவர்கள் திரண்டு வந்து பணத்தைத் திரும்பக் கேட்டமையே உடனடிக் காரணம். பின்னர் அதன் தலைவர்களாகிய கே. சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி. பி. மாத்தனும் கைது செய்யப்பட்டு, திருவனந்தபுரத்தில் வழக்கு நடந்து, சிறைத் தண்டனை பெற்றனர்.

இவ்வழக்கைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்றும் ஓயவில்லை. பாங்கின் கடன்கள் உறுதியற்றவை என்று ஒரு சாரார் கூறுவர். பொறுப்பாட்சி கேட்டுப் போராடியவர்களுக்குப் பாங்கின் தலைவர்கள் துணை நின்றமையால், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் அரசாங்கம் அவர்கள்மீது சினங்கொண்டு, பாங்கை வீழ்த்தியது என்று மற்றொரு சாரார் கூறுவர். அக்காலத் திவான் தமிழர் என்பதற்காக நாம் ஒரு பக்கம் சாய வேண்டுவதில்லை. நாம் மலையாள நாட்டில் வாழ்கிறோம் என்பதற்காக மறுபக்கம் சாய வேண்டுவதுமில்லை. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே. ஒரு பாங்கில் போட்ட பணம் பெட்டிக்குள் அப்படியே இருப்பதில்லை. அது கடனாக உழவனிடமும் வணிகனிடமும் சென்றிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், நேர்மையான பாங்கும் தள்ளாடும். ஆகவே ஐயமும் வதந்தியும் மட்டுமே ஒரு பாங்கைக் கொல்லும் ஆற்றல் உடையவை. அர்பத்நாட்டைக் கண்மூடி நம்பிய நம்பிக்கை எத்துணைக் கேடு செய்ததோ, அத்துணைக் கேட்டைக் கண்மூடித்தனமான அச்சமும் செய்யும்.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டபோது கேரளம் மீண்டும் ஒருமுறை இத்துயரத்தைக் கண்டது. மலைத்தோட்டத்து உழவர் முதல் ஆசிரியர் வரை எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. இவ்விழப்புகளிலிருந்து நாடு கற்றுக்கொண்டதும் உண்டு. 1949-இல் பாங்குகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ரிசர்வ் பாங்குக்குக் கணக்கைப் பார்வையிடும் அதிகாரம் உறுதியாயிற்று. பாலாய் வீழ்ச்சிக்குப் பின்னர், 1962 ஜனவரி முதல் நாளிலிருந்து, வைப்புப் பணத்திற்குக் காப்பீடு ஏற்பட்டது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில்தான் காப்பு. 2020-ஆம் ஆண்டு அது ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதலும் வட்டியும் சேர்ந்து, ஒருவருக்கு ஒரு பாங்கில் உள்ள வைப்புக்கு இக்காப்பு. 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ரிசர்வ் பாங்கு ஒரு பாங்கின்மீது கட்டுப்பாடு விதித்தால் தொண்ணூறு நாட்களுக்குள் காப்பீட்டுப் பணம் கிடைக்க வழிவகுத்தது.

ஆயினும் ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். பாங்கு என்று பெயர்ப்பலகை வைத்த எல்லா இடத்திற்கும் இக்காப்பீடு இல்லை. தனியார் நிதி நிறுவனங்களுக்கு இல்லை, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இல்லை, சீட்டுக்கும் இல்லை. கூட்டுறவில் பல நல்ல சங்கங்கள் உண்டு. சீட்டுப் போட்டுக் குடும்பத்தை நிலைநிறுத்தியோரும் நம்மிடையே உண்டு. அவற்றை நாம் பழிக்கவில்லை. எதற்குக் காப்பு உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தெரிந்து பணம் போடுங்கள் என்றே சொல்லுகிறோம். அவ்வாறு தெரிந்து நம்புவதே வள்ளுவர் கூறிய தெளிதல்.

பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்நிறுவனத்தின் கணக்கை வெளியார் ஒருவர் தணிக்கை செய்கிறாரா? பிறர் எவரும் தராத வட்டியை இவர் மட்டும் எவ்வாறு தருகிறார்? இவர் தவறினால் நம் பணத்திற்குச் சட்டப்படி பொறுப்பு யார்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால், வந்து கேட்பவர் உறவினரே ஆயினும், ஊர்க்காரரே ஆயினும், கைகூப்பி வழியனுப்பி வையுங்கள். குடிபெயர்ந்து வாழ்பவரிடம் ‘நம்மவர்’ என்ற சொல்லுக்கு அளவிறந்த ஆற்றல் உண்டு. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சு இளகுகிறது. கேள்வி கேட்பது நாகரிகக் குறைவு என்று தோன்றுகிறது. அர்பத்நாட்டில் வெள்ளைத் தோல் செய்த வேலையை, நம்மிடையே சில வேளைகளில் தாய்மொழி செய்துவிடுகிறது. நம் காலனியிலேயே ஓய்வுப் பணம் முழுவதையும் ‘நம்மவர்’ ஒருவரிடம் ஒப்படைத்து, முதுமையில் பிள்ளைகளிடம் கையேந்தி நின்ற ஒரு பெரியவரை நாம் அறிவோம். அவர் இறுதிவரை அம்மனிதரின் பெயரை எவரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. பணம் போனதைக் காட்டிலும், தாம் கேள்வி கேட்காமல் இருந்ததே அவரை வாட்டியது.

இறுதியாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். இச்சங்கத்திற்கும் ஒரு நிதி உண்டு. அது உங்கள் சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த நிதி. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, ‘வாசித்ததாகக் கொள்வோம்’ என்று கூறிக் கைதட்டிக் கலைவது நம் வழக்கமாகிவிட்டது. அவர் நல்லவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கணக்குக் கேட்பது ஐயத்தின் அடையாளம் அன்று. நல்லவரை நல்லவராகவே வைத்திருக்கும் வேலி அது. அர்பத்நாட்டின் கூட்டாளிகளிடம் முதல் ஆண்டிலேயே ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டிருந்தால், முதல் இழப்போடு அந்நிறுவனம் நின்றிருக்கலாம். ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளாமலும், மற்றொருவர் சிறை செல்லாமலும், எண்ணற்ற குடும்பங்கள் கண்ணீர் சிந்தாமலும் தப்பியிருக்கலாம். ஆதலின் கேள்வி கேட்பவர் பொருளாளருக்கும் நன்மையே செய்கிறார்.

இவ்வாண்டு முதல் கணக்கு முழுமையாக வாசிக்கப்படட்டும். சங்க உறுப்பினர் அல்லாத ஒருவர் அதனைத் தணிக்கை செய்யட்டும். காசோலையில் இருவர் ஒப்பமிடட்டும். இளைஞர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்கட்டும். பெரியோர் முகம் சுளிக்காமல் விடை கூறட்டும். இவற்றைச் செய்தால், பத்துத் திங்களில் ஒரு பாங்கைக் கண்ட அத்தலைமுறைக்கு நாம் ஏற்ற வழித்தோன்றல்கள் ஆவோம்.

கலை நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் குழந்தைகளை இனியும் காக்க வைப்பது முறையன்று.